குறைந்த கொசுவம்

மருத்துவமனை வாசலில் நிற்கும் இயந்திரம் அனுமதித்தால்தான் டாக்டரைப் பார்க்க முடியும். ஜெயக்கொடியை அது மறுபடியும் திருப்பி அனுப்பப் பார்த்தது. "உங்கள் எடை கூடவில்லை. வாயுத் தொல்லைதான். சீரகத் தண்ணீர் குடியுங்கள்."

"குடிச்சுக் குடிச்சு அலுத்துப் போச்சு," என்றாள் ஜெயக்கொடி. "ரெண்டு வாய் தின்னா நெஞ்சு வரைக்கும் நிக்குது. இந்தச் சேலையில எப்பவும் ஏழு கொசுவம் வரும், இப்ப வயிறு பெருத்து அஞ்சுதான் வருது. கை இளைச்சு வளையல் கழலுது. எடை கூடலன்னா வயித்துக்குள்ள வளர்றது என்ன?"

"கொசுவம் பற்றி எனக்குத் தெரியாது."

"அப்ப தெரிஞ்சவங்களைக் கூப்பிடு. பாக்காம நான் நகர மாட்டேன்."

வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும், "அவங்க கேக்குறது நியாயந்தானே!" என்று இரைந்தார்கள். கதவு திறந்தது.

டாக்டர் சோதித்ததில், சினைப்பையில் கட்டி. புற்றுநோய்தான். ஆனால் வெளியே பரவுவதற்குள் பிடித்து, முழுதாக எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம், ஏழு கொசுவமும் வைத்து அதே சேலையைக் கட்டிக்கொண்டு மறுபரிசோதனைக்குப் போனாள் ஜெயக்கொடி. அவளுக்கு முன்னால் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா, சேலையில் கொசுவம் குறைந்திருக்கிறதா?" என்று இயந்திரம் கேட்டது.

"ஆமா," என்றாள் அவள்.

கதவு உடனே திறந்தது.