ஏன் பல் மருத்துவம்?

“ஒரு மாசமா யோசிச்சிக்கினே இருக்கேன். ஜார்ஜியா எங்க கெடக்குது, பாஷையும் தெரியாது. பரவால்ல, இன்னிக்கே அப்ளிகேஷனப் போட்டுடலாம்” என்றார் கந்தசாமி.

லேப்டாப்போடு காத்திருந்த மகள் தேவிப்ரியா நிமிர்ந்தாள். ‘பல் மருத்துவம் படிக்க விரும்புவது ஏன்?’ என்ற கேள்விக்கு இரண்டு நாளாக எழுதிய ஆங்கிலப் பதிலை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

“கரும்பு வெட்டு நேரம். அப்பாவுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு லோடு போயாக வேண்டும் என்று, கட்டிங் பிளேயரால் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டார். ரத்தம் நிற்கத் துணியை அழுத்திப் பிடித்தபோது எனக்குப் பத்து வயது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.”

கந்தசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதெல்லாம் இன்னும் ஞாபகம் வச்சிக்கினு இருக்கியா?”

“எப்படிப்பா மறக்கும்?”

“சரி, பேரப் போடு.”

‘அறிவுச்செல்வன்’ என்று அண்ணன் பெயரை அடித்தாள். நீட் தேர்வில் அவளைவிட நூற்றிருபது மதிப்பெண் குறைவாக வாங்கிய அண்ணன்.

“அவன் எழுந்ததும் நீ எழுதினத நாலு தபா படிக்கச் சொல்லும்மா” என்றார் அப்பா. “வீடியோவுல இன்டர்வியூ வெப்பாங்களாம். அவனுக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போவுது!”