பெட்டிக்குள் வார்னிஷ் அடிக்கக் கூடாது

நாத்தனார் வார்னிஷ் டப்பாவும் கையுமாக வந்தபோது, அவள் தேவதாருப் பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்புறத்தை ஞாயிற்றுக்கிழமையே உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாயிற்று. அப்படித் தேய்த்தால்தான் மரத்துக்கு வாசனை திரும்பும், பூச்சி அண்டாது. உள்ளே வார்னிஷ் பட்டால் வாசனை செத்துப்போகும்.

"இதைக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கிறே? உள்ளேயும் பளபளன்னு அடிச்சு வித்துடலாம்," என்றாள் நாத்தனார்.

அவள் ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து நீட்டினாள். போன மழைக்காலத்தில் நாத்தனாரே குப்பையில் போடச் சொன்ன சட்டை. அன்று அதில் பூச்சி அரித்த ஓட்டை ஏழு. பெட்டியில் வைத்த மறுவாரம் நாலு. இப்போது ஒன்றுகூட இல்லை.

நாத்தனார் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாருகிட்ட தைக்கக் கொடுத்தே?"

"யாருகிட்டயும் கொடுக்கலை அண்ணி."

"சரி, தம்பி ஏன் பெட்டிக்குள்ளே கையை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்?"

அவள் கணவன் முக்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, வலது கையால் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் மரமறுக்கும் மெஷின் அவனுடைய இடது சுண்டுவிரலில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. அன்றைக்கு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதே நாத்தனார்தான்.

"நாலு நாளா இப்படித்தான் உட்கார்ந்திருக்காரு," என்று அவள் தலைநிமிர்ந்து சிரித்தாள். "அந்த டப்பாவை ஓரமா வச்சுட்டு நகவெட்டியை எடுங்க அண்ணி. சுண்டுவிரல்ல நகம் நீளமாயிடுச்சு."