கடைசி மாடு

விடிந்ததிலிருந்து மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டுக்காரரோ காய்ந்த சாணியைக் கூடை கூடையாக வாரி வேலிக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். இன்று கார்பன் கம்பெனி ஆய்வாளர் வருகிறார்.

மேய்ச்சல் நிலத்தை அடைத்துப்போட்டு, நாட்டு மரங்களைத் தானாக முளைக்க விட்டால், அவை காற்றிலிருந்து இழுக்கும் கரிக்காகக் கம்பெனி பணம் தரும். உள்ளே மாடு நுழைந்தால் ஒப்பந்தம் ரத்து. மூன்று வருடமாகியும் நிலம் கட்டாந்தரைதான். வடக்கு மூலையில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நாற்பது முள்மரச் செடிகள்.

ஆய்வாளர் நேராக அங்கேதான் போனார்.

"இங்க மாடு மேயுதா?"

"ஐயோ, மாட்டு நிழல்கூட விழுந்ததில்ல சார்!"

ஆய்வாளர் குனிந்து, கூடைக்குத் தப்பிய சாணிக்கட்டி ஒன்றை எடுத்து உடைத்தார். மாட்டுக்காரர் பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டிக் கெஞ்சினார்.

"தப்புதான் சார். ஒரே ஒரு மாடு. இவ கையில வளர்ந்தது, விக்க மனசு வராம ஒளிச்சு வச்சிருந்தோம். இந்தப் பணமும் நின்னுட்டா எங்களுக்கு வேற நாதியில்ல."

"அட, பயப்படாதீங்க. இங்க பாருங்க, சாணிக்குள்ள விதை! மாடு ரோட்டோர முள்மரத்துக் காயைத் தின்னுட்டு வந்து இங்க போட்டிருக்கு. அது வயித்துல ஊறி வந்த விதைதான் முளைச்சிருக்கு. இந்தக் காட்டை வளர்த்ததே உங்க மாடுதான். நானே அனுமதி வாங்கித் தர்றேன், நிலம் பூரா அதை நடக்க விடுங்க. எங்க அது?"

கட்டுத்தறியில் வெறும் கயிறு கிடந்தது.

மனைவி அன்று முதன்முறையாக வாய் திறந்தாள்.

"விடியுமுன்ன நீங்க அதை ஏத்திவிட்ட கறிக்கடை லாரி நம்பராவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"