மூன்றாவது தளம்

கிண்ணியாத் துறையில் அந்த நாளில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு 'பாதை' என்கிற மிதவை வந்து கரை தட்டும். அதன் இரும்புப் பலகை 'டணார்' என்று விழும். பாலம் வந்தது, பாதை நின்றது. ரபீக்காவின் காதில் மட்டும் அந்தப் பலகை இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

அதையெல்லாம் எழுதத் தனக்கென்று ஒரு வலைப்பூ தொடங்க ஆசைப்பட்டாள். எந்தத் தளத்தில் தொடங்குவது?

முதலில் இலவசமான ஒன்றில் எழுதி ஏற்றிக் கணவன் சஜீதிடம் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. பொறு, ராத்தாட்டக் காட்டிட்டு வாறன்."

ஜும்ஆத் தொழுகை முடிந்து மூதூருக்கு அக்கா வீட்டுக்குப் போனவன் பின்னேரம் திரும்பி வந்தான்.

"இது சரிவராது ரபீக்கா. விளம்பரம் மெத்தக் கூட."

அடுத்தது, எழுத்தையே படமாக்கிப் பூவேலைக்குள் வைத்துத் தரும் தளம். அதுவும் மூதூர் போய் வந்தது.

"இதுவும் ஏலாது."

"இதில என்ன குறை?"

"வடிவு கூடிப்போச்சு."

"வடிவு கூடினாலும் பிழையா?"

சஜீதின் அக்கா அசனா, ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுத்துப்பிழை கண்டால் கல்யாணக் கார்டையும் திருத்தித் திருப்பி அனுப்புகிறவர். பெருநாளுக்குப் பிறகு அவரும் வரவில்லை, ரபீக்காவும் போகவில்லை.

"நான் எழுதுறதுக்கு உங்கட ராத்தாட உத்தரவு வேணுமா? பொம்புளைட பேர் வெளிய வரக்கூடாதெண்டு நேராச் சொல்லுங்களன்!"

சஜீத் கைபேசியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இன்னும் ஒண்டு பார்."

"இதுதான் கடைசி. இதுவும் சரிவராட்டி நான் எழுதவே மாட்டன்."

மூன்றாவது தளத்தில் ஒரு அலங்காரமும் இல்லை. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து.

இந்த முறை அவளும் கூடவே கிளம்பினாள். மதினியை முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று முடிவு. சஜீத் தடுத்துப் பார்த்தான். அவள் கேட்கவில்லை.

மூதூர் வீட்டில் சஜீத் முன்னால் விரைந்து போனான். ரபீக்கா ஓட்டோவை அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தபோது, உள்ளே ஒரு குரல் ஏற்ற இறக்கமில்லாமல் அவள் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தது. கைபேசியின் குரல்.

"இது ஒரு சொல்லும் விடாம வாசிக்குதுடா" என்றார் மதினி. "முதல் வந்தது நடுவுல நடுவுல விளம்பரம் போட்டுச் சவர்க்காரம் வித்துது. மற்றது வாயே திறக்கல்ல. இதிலயே எழுதச் சொல்லு. எனக்காகத்தான் எண்டு மட்டும் சொல்லிப்போடாத. எனக்கு இப்பிடியெண்டு தெரிஞ்சா, பாவம், பயந்திடுவாள்."

ரபீக்கா மெல்ல உள்ளே வந்தாள்.

"மதினி..."

மதினியின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. ரபீக்கா நின்றது அலுமாரியின் அருகில்.

"ரபீக்காவா? கிட்ட வா புள்ள. டேய், சொல்லிட்டியா?"

"இல்ல ராத்தா. சத்தியமா இல்ல."

ரபீக்கா போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. அதற்குள்ளே, இத்தனை நாள் சஜீதைப் பற்றி நினைத்ததெல்லாம் பொய் என்ற நிம்மதியும் இருந்தது.

"நான் எழுதலாமா மதினி?"

"என்ன கேள்வி இது? பாதி வழியில நிப்பாட்டி வெச்சிருக்கிறாய். மிச்சம் எங்க?"

மிச்சம் அடுத்த வெள்ளிக்கிழமை வெளியானது. அதன் முதல் வாசகி, பெருநாளுக்குப் பிறகு இரண்டு கண்ணும் தெரியாமற் போன அசனா மதினி.