பாதச் சோதனை

மேம்பாலத்திலிருந்து விழுந்து இறந்த கணவனின் செயற்கைக் காலை, மரகதவல்லி ஒரு துணிப்பையில் போட்டுச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். கார்பன் இழைத் தகடு. அடியில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த பாதம். அவர் தானாகவே குதித்தார் என்று போலீஸ் எழுதியிருந்தது.

“இந்தக் கால்தான் மேடம் அவரைக் கவுத்துடுச்சு. சோதிச்சு எழுதிக் குடுங்க.”

“வெட்டித்தான் பாக்கணும்க்கா. முழுசாத் திரும்பக் கிடைக்காது,” என்றாள் சோதனை செய்யும் ஜெசிந்தா.

மரகதவல்லி அந்தப் பாதத்திலிருந்த காலுறையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டாள். “வெட்டுங்க.”

இயந்திரம் வளைத்துப் பார்த்தது. ஓர் ஆளின் எடையைப்போல் ஆறு மடங்கு ஏற்றிய பிறகுதான் தகடு முறிந்தது. பாதத்தின் துண்டுகள் ஈரத் தரையில்கூட வழுக்கவில்லை. ஏதாவது குறை கிடைக்காதா என்று ஜெசிந்தா கடைசித் துண்டு வரை சோதித்தாள்.

வெளியே வந்து, “கால்ல ஒரு குறையும் இல்லக்கா,” என்றாள்.

மரகதவல்லி கையிலிருந்த காலுறையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“அன்னிக்குச் சிரிச்சுட்டுத்தான் மேடம் கிளம்பினாரு. இன்னொரு தடவை பாருங்களேன்.”

உள்ளே வெட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஜெசிந்தா சரியென்று தலையாட்டினாள்.