கடல் பக்கத்து அறை

திரையை விலக்கினான். ஏசி மிஷின்கள் வரிசையாக நின்று முனகிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஹோட்டலின் சலவைக்கூடம். ஆவி.

கடல் கட்டடத்தின் மறுபக்கம் இருந்தது.

சகலையின் பக்கம்.

ஃபோன் அடித்தது. மதுரையிலிருந்து மனைவி.

"தங்கச்சி, அவ வீட்டுக்காரர் அங்கிருந்து எடுத்த வீடியோவ அனுப்பியிருக்கா. பால்கனியில நின்னா காலுக்குக் கீழயே கடலாம்ல. உங்க ரூம்ல என்னங்க தெரியுது?"

"சிக்னல் சரியில்ல."

வைத்துவிட்டான்.

சீனாவின் சியாமென் அவனுக்குப் புது ஊரில்லை. லின் முதலாளியின் தொழிற்சாலையில் குடை வாங்கி, மதுரை விளக்குத்தூண் பக்கத்துத் தன் கடையில் விற்று, வீடு கட்டி, மகளைக் கரையேற்றியவன். போன தடவைக்கு முந்தின தடவை சகலை ஜெயக்கொடியையும் கூட்டிவந்தது அவன்தான். சீனாவில் தனக்கு இருக்கிற மதிப்பை ஒருத்தனாவது கண்ணால் பார்க்க வேண்டாமா?

ஜெயக்கொடி பார்த்தான். நன்றாகவே பார்த்தான். ஊருக்குத் திரும்பி நாலு கடை தள்ளிக் குடைக்கடை போட்டான்.

இப்போது லின் சொல்லி அனுப்பியிருந்தார். மதுரையில் இனி ஒருவருக்குத்தான் சரக்கு. ஆண்டு முடிவு விருந்துக்கு இரண்டு பேரும் வாருங்கள். யார் என்பது அங்கே தெரியும்.

தெரியத்தான் செய்தது.

விமான நிலையத்தில் ஜெயக்கொடியின் பெட்டியை லின்னின் மேனேஜரே தூக்கிக்கொண்டார். ஜெயக்கொடி அறையில் பழக்கூடை, பூங்கொத்து, பட்டுத்துணி சுற்றிய தேயிலை டப்பா. இவன் அறையில் இரண்டு தண்ணீர் பாட்டில்.

லின் இன்னும் வாய் திறக்கவில்லை. திறக்கவும் வேண்டாம். எந்த வாடிக்கையாளருக்குக் கடைக்காரன் முதலில் கலர் சோடா வாங்கிவரச் சொல்கிறான் என்று பார்த்தே வளர்ந்தவன் அவன்.

வயிறு எரிந்தது. ஏசி பதினாறில் ஓடியது.

சாயங்காலம் விருந்து. பெரிய வட்ட மேசை. நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. ஜெயக்கொடி லின்னுக்கு வலப்பக்கம். இவன் எதிரே, கணக்குப்பிள்ளைகளோடு.

"அண்ணாச்சி, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? பழம் நெறைய கெடக்கு, ரூமுக்கு வாங்களேன்," என்றான் ஜெயக்கொடி.

"எனக்குச் சுகர், தம்பி."

அவனுக்குச் சுகர் கிடையாது.

கடைசியாகக் கோழி வந்தது. முழுக்கோழி. அவித்து, மஞ்சளாக, தலையோடு. கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவதுபோல் கிடந்தது.

பரிமாறுகிறவள் தட்டை வைத்தாள். லின் கண்ணைக் காட்டினார். அவள் மெல்லச் சுழற்றினாள்.

தலை ஜெயக்கொடியைப் பார்த்து நின்றது.

இந்த ஊர் வழக்கம் அவனுக்குத் தெரியாததா? மீன் வைத்தால் தலை முக்கிய விருந்தாளியைப் பார்க்கும். இத்தனை வருஷமும் எல்லா மீனும் அவனைத்தான் பார்த்திருக்கிறது.

இன்று கோழி. ஜெயக்கொடியை.

அந்தப் பயலோ தலைக்குமேல் தொங்கிய சரவிளக்கை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

இவன் வெள்ளரிக்காய் எட்டாதவன்போல் கையை நீட்டினான். கண்ணாடி விளிம்பில் ஒரு விரல் வைத்தான். தள்ளினான்.

கோழி சாவகாசமாக ஊர்வலம் வந்தது. கணக்குப்பிள்ளையைக் கடந்தது. மேனேஜரைக் கடந்தது.

அவன் முன்னால் வந்ததும் விரலால் நிறுத்தினான். அலகு அவன் நெஞ்சுக்கு நேராக நின்றது.



குச்சிகள் அந்தரத்தில் நின்றன. லின் கோழியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஜெயக்கொடியைப் பார்த்தார்.

பிறகு எழுந்தார். கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி, அவனை நோக்கி இடுப்பு வளையக் குனிந்தார். மேசையே எழுந்து கைதட்டியது. லின்னின் கண் கலங்கியிருந்தது.

அவன் ஒரே மடக்கில் குடித்தான். தொண்டை எரிந்தது. வயிறு குளிர்ந்தது.

ஓரக்கண்ணால் சகலையைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் ஜெயக்கொடியும் கைதட்டிக்கொண்டிருந்தான்.

லின் நீளமாகப் பேசினார். பக்கத்தில் நின்ற பெண் இங்கிலீஷில் சொன்னாள். மெதுவாக, சொல் சொல்லாக.

ஆண்டு முடிவு விருந்தில் கோழியின் தலை யாரைப் பார்க்கிறதோ, அடுத்த ஆண்டு அவரோடு உறவு இல்லை. முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராத பழைய முதலாளிகளின் வழி அது. விலக்கப்படுகிறவரை நன்றாகக் கவனித்து அனுப்புவதும் அந்த வழியில் சேர்ந்தது. ஆனால் சொந்தக்காரன் பிழைக்கட்டும் என்று தலையைத் தானே தன் பக்கம் திருப்பிக்கொண்ட மனிதரை முதலாளி இன்றுதான் பார்க்கிறாராம். தன் முடிவை மாற்றிக்கொள்கிறாராம். உங்கள் மனசுப்படியே சரக்கு இனி உங்கள் சொந்தக்காரருக்கே என்கிறார்.

ஜெயக்கொடி ஃபோனைக் கீழே வைத்தான். மேசையைச் சுற்றி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி... நீங்க போய் எனக்காக..."

  பயல் நிஜமாகவே அழுதான்.

இவன் உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தான்.

என்னவென்று சொல்வது? வயிற்றெரிச்சலுக்கு எந்த மொழியிலும் பெயர் ஒன்றுதான்.

ஜெயக்கொடியின் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"இருக்கட்டும், தம்பி."

வரவேற்பு மேசையில் புதுச் சாவி அட்டை காத்திருந்தது. பெட்டியை ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். பதினெட்டாவது மாடி. பழக்கூடை. பூங்கொத்து. பட்டுத்துணி சுற்றிய தேயிலை.

பால்கனிக் கதவைத் திறந்தான்.

ஃபோன் அடித்தது.

"இப்ப சிக்னல் இருக்கா? என்னங்க தெரியுது அங்க?"

அவன் வீடியோவுக்கு மாற்றினான். ஃபோனைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தான்.

"ஆத்தாடி," என்றாள் அவள். "எம்புட்டுப் பெருசு!"