நீலம் பாரித்த சைலன்சர்

குரோம் பூசிய சைலன்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எஞ்சினை ஒட்டிய வளைவில் மறுபடியும் நீலம் பாரித்திருந்தது.

"தேய் அக்கா, அழுத்தித் தேய்! நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று பாலிஷ் துணியை நச்சரித்தது.

துணி தேய்த்தது, நீலம் போனது. பைக் ஒரு சுற்று போய் வந்ததும் பழையபடி நீலம்.

"உனக்கு ஏன் தம்பி இப்படிச் சூடேறுது?" என்றது துணி.

மேலிருந்து கார்புரேட்டர் சொன்னது: "மைலேஜுக்காக என் திருகை இறுக்கிட்டாங்க. எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கண்ணுல காட்டுறதோட சரி, மீதியெல்லாம் காத்துதான். அதான் எஞ்சின் கொதிக்குது. திருகைத் தளர்த்தினா சூடு அடங்கும்."

"ஐயையோ! நம்ம மைலேஜைத்தான் தெருவே மெச்சுது. அதுல கை வைக்காதே! அக்கா, நீ தேய்!"

தேய்த்துத் தேய்த்துத் துணி நைந்து கிழிந்தது.

"சே! துணி சரியில்லை," என்றது சைலன்சர்.